பல்லில் படாத தண்ணீர்

அந்தத் தீபாவளிக்கு வருகிறவர்களுக்குக் குடிக்க என்ன கொடுப்பது என்று தீர்மானிக்க எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. சாப்பாட்டுக்குக்கூட இவ்வளவு யோசனை நடக்கவில்லை. காலையில் இட்லி, மத்தியானம் மாப்பிள்ளைக்குச் சொதி, பலகாரத்துக்கு உக்காரையும் சுசியமும் முந்திரிக்கொத்தும். இதில் யாரும் வாயைத் திறக்க இடம் இல்லை. குடிக்கிற விஷயத்தில்தான் ஆளுக்கொரு கட்சி.

என் தங்கைக்கு அது தலை தீபாவளி. யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. சீனிக்கும் காப்பிக்கொட்டைக்கும் வரிசையில் நிற்க வேண்டிய காலம் இன்னும் வரவில்லை. மாப்பிள்ளைக்கு அம்பாசமுத்திரம். வழக்கத்துக்கு மாறாக அவருடைய அம்மாவும் கூட வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். குற்றாலத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசையாம். ஆசைப்பட்டுக்கொண்டு வருகிறவளை வேண்டாம் என்றா சொல்ல முடியும்?

நான் தென்காசியிலேயே இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். பொழுது விடிந்தால் பிறந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வராவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. யாரும் கூப்பிட்டு அனுப்பினார்கள் என்று இல்லை. நான் பார்க்காமல் அங்கே ஒரு காரியம் நடந்தால் அது சரியாக நடந்திருக்காது என்பது என் எண்ணம். இதை என் வீட்டுக்காரர் நாலு பேர் மத்தியில் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். அந்த வாரம் முழுக்க நான் அங்கேதான் கிடந்தேன்.

இத்தனை யோசனைக்கும் காரணம் மாப்பிள்ளையும் இல்லை, அவர் அம்மாவும் இல்லை. எங்கள் தாய்மாமா.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. அம்மாவைப் பெற்றவள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். அவர் சுந்தரபாண்டியபுரத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சீதனமாக வந்த வயலும் அங்கேதான், அவர் வயலை ஒட்டி, ஒரே வாய்க்கால் பாசனத்தில் இருந்தது. ஒரு கார்ப் பட்டத்தில், மழை இல்லாமல் எல்லோரும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த நேரம், மாமாவின் முறையில் எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் மடையை எங்கள் பக்கம் திருப்பி விட்டுவிட்டான். மாமா கேட்க வந்தார். 'தெரியாமல் நடந்து போச்சு மாப்பிள' என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்தது. ஆனால் அப்பாவுக்குத் தோற்றுப் பழக்கம் இல்லை. முன்சீப் கோர்ட்டில் தோற்ற வழக்கைக்கூட வக்கீல் தோற்ற வழக்கு என்றுதான் சொல்லுவார். மேல்மடைக்கு என்ன பாத்தியம், கீழ்மடைக்கு என்ன பாத்தியம் என்று ஆரம்பித்துவிட்டார். பேச்சு வளர்ந்தது. கடைசியில் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இனிமே இந்த வீட்டுப் பச்சத் தண்ணி என் பல்லுல படாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் கோபத்தில் ஒருவன் இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், சொன்னவனைக் காட்டிலும் கேட்டவர்கள்தான் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். மாமா சொன்னது மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு மாமா வந்தார். தாய்மாமன் செய்ய வேண்டியது அத்தனையும் ஒரு குறை இல்லாமல் செய்தார். பந்தலில் பானகத் தட்டு சுற்றி வந்தபோது, கொண்டு வந்தவர்கள் அவர் இருந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு நீட்டினார்கள். வாக்குச் சொன்ன மனுஷரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று. பந்திக்கும் யாரும் அவரைக் கை பிடித்து இழுக்கவில்லை. அவர் தாலி கட்டி முடிந்ததும் வண்டி பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அன்று அழவில்லை. பொதுவாகவே அவள் அழுகிற ரகம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் நினைப்பு. தீபாவளிக்கு முந்தின வாரம் நாங்கள் இரண்டு பேரும் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னாள்.

"என் தம்பி இந்த வீட்டுல ஒரு வாய் நனைச்சிட்டாம்னா எனக்கு அது போதும்ட்டி. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவளே சுந்தரபாண்டியபுரத்துக்குப் போய் மாமாவை அழைத்துவிட்டு வந்திருந்தாள். மாமா வருகிறேன் என்று சொல்லியிருந்தார். வருகிறேன் என்றுதான் சொன்னாரே தவிர, குடிக்கிறேன் என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

ஆக, வந்தவருக்கு என்ன கொடுத்தால் அவர் வாக்கும் கெடாமல், வாயும் நனையும்? இதுதான் வழக்கு. இதை விசாரிக்க அப்பா, அம்மா, சித்தி, நான் என்று நாலு பேர். சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. அந்த வீட்டிலேயே இருந்தாள். ஒரு காரியத்தில் என்ன தப்பு வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. காரியத்தை எப்படி முடிப்பது என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

காப்பி கொடுப்போம் என்று நான்தான் முதலில் சொன்னேன். காப்பியைப் பச்சைத் தண்ணீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா? கொதிக்க வைத்ததுதானே? அப்பாவுக்கு இந்தப் பாயிண்ட் பிடித்திருந்தது. சித்திக்குப் பிடிக்கவில்லை. எந்தக் கிணற்றுத் தண்ணீர் கொதித்தது என்று கேட்டாள். அவர் சொன்னது கோபத்துக்கு, அடுப்புக்கு இல்லை என்றாள். காப்பி போயிற்று.

பானகம் என்றேன். அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்று தள்ளுபடி. மோர் என்றால் அதிலும் தண்ணீர். வெறும் பாலைச் சுண்டக் காய்ச்சிக் குங்குமப்பூப் போட்டுக் கொடுப்போம் என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். பாலில் தண்ணீர் இல்லை என்பதால் அது நிலைக்கும்போல இருந்தது. சித்தி விடுவாளா?

"மாடு எந்தத் தண்ணியக் குடிக்கி யக்கா? நம்ம தொட்டித் தண்ணியத்தானே?"

அப்படிப் பார்த்தால் இளநீரும் போயிற்று. எங்கள் தோட்டத்துத் தென்னை எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தது. எலுமிச்சங்காயும் அப்படியே. தேயிலைத் தண்ணீர் வைக்கலாம் என்று யாரோ சொல்ல, கல்யாணம் முடிந்து முதல் தீபாவளிக்கு வரும் சம்பந்திக்குத் தேயிலைத் தண்ணீரா என்று அம்மா முகம் சுளித்தாள். அப்போது அது புளியறைப் பக்கம் மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் குடிக்கிற சமாசாரம். பதநீர் கிடைக்கிற காலமும் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேசாமல் வானத்தைப் பார்த்து வாயைத் திறக்கச் சொல்லுவோம், மழை யார் வீட்டுச் சொத்தும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நான் எரிச்சலில் சொன்னதை அப்பா பிடித்துக்கொண்டார். அவர் மூளை அப்படித்தான். எதிர்க்கட்சி வாயிலிருந்து விழுவதில்தான் அவருக்கு வழி கிடைக்கும். யார் வீட்டுச் சொத்தும் இல்லாத தண்ணீர் வேண்டும், அவ்வளவுதானே என்றார். குற்றாலத்து அருவி யார் வீட்டுச் சொத்து? மலையிலிருந்து விழுகிறது. ராஜா குளித்தாலும் பிச்சைக்காரன் குளித்தாலும் ஒரே தண்ணீர். வண்டியைக் கட்டி அனுப்பி வேண்டிய மட்டும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டால், அதில் காப்பி போடு, சர்பத் கலக்கு, என்ன வேண்டுமானாலும் செய். பாலை எதிர் வீட்டில் வாங்கு. மச்சினன் சொன்ன வார்த்தைக்குப் பங்கம் இல்லை. அப்பா இதைச் சொன்னபோது கேஸ் ஜெயித்த மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தென்காசிக் கிணறுகளில் ஊறுவதும் அதே மலைத் தண்ணீர்தானே, சிற்றாறு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏனென்றால் அப்பாவுக்கு அந்த யோசனையில் ஒரு சந்தோஷம் இருந்தது எனக்குத் தெரிந்தது. மச்சினனிடம் 'தப்புத்தான்' என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நாக்கு வராது. ஆனால் அவருக்காகக் குற்றாலத்துக்கு வண்டி அனுப்ப மனசு வந்தது. அவரால் முடிந்தது அவ்வளவுதான். அம்மாவுக்கும் அது தெரியும். அதனால் அவளும் சரி என்றாள்.

வண்டி தீபாவளிக்கு முந்தின நாள் போயிற்று. ஐப்பசி மழை நாலு நாளாக விடாமல் கொட்டியிருந்தது. பேரருவி மண்ணைக் கரைத்துக்கொண்டு விழுகிறது, கிட்டே நிற்க முடியவில்லை என்று வண்டிக்காரர் வந்து சொன்னார். சிற்றருவியில் ஒதுங்கி நின்று பிடித்தாராம். அதுவும் நீர்த்த காப்பி நிறத்தில் இருந்தது. அண்டாவின் வாயைத் துணியால் கட்டித்தான் கொண்டு வந்தார், ஆனால் ரோட்டில் இருந்த பள்ளங்களுக்கு அது தெரியுமா? பாதி வண்டி வைக்கோலில் கொட்டிப்போயிற்று. அம்மா தேத்தாங்கொட்டையை உரைத்து உரைத்துப் போட்டுத் தெளிய வைத்தாள். அடியில் இரண்டு விரல்கடைக்கு வண்டல் தங்கியது. மேலே தெளிந்தது நன்றாகத்தான் இருந்தது, குளுகுளுவென்று, வாயில் விட்டால் ஏதோ இலை வாசனை.

அப்போதும் சித்திக்கு ஒரு சந்தேகம். அவசரத்தில் யாராவது அருவித் தண்ணீர் என்று நினைத்து வீட்டுப் பானையில் மொண்டுவிட்டால்? அதுவும் நியாயம்தான். உடனே வீட்டில் இருந்த குடம், பானை, தவலை, செம்பு ஒன்று விடாமல் கவிழ்த்துத் தேய்த்து, அருவித் தண்ணீரையே நிரப்பினோம். வந்த தண்ணீர் போதாமல் வண்டி மறுபடியும் போயிற்று. தீபாவளியன்று எங்கள் வீட்டில் எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. கிணற்றடியில் குளிப்பதற்கு மட்டும் இறைத்தார்கள்.

வீட்டில் போட்டுக் கொடுத்தால்தான் அம்மாவுக்குத் திருப்தி என்றாலும், எதற்கும் இருக்கட்டும் என்று கடைத்தெருவிலிருந்து சோடாவும் கலரும் வந்தன. சிவப்பில் ஒரு பெட்டி, மஞ்சளில் ஒரு பெட்டி. நன்னாரி சர்பத்துக்கு வேர் வாங்கி நானே காய்ச்சினேன். கடையில் விற்கிறதில் வாசனைக்கு என்னத்தையோ போடுகிறான். காப்பிக்கொட்டையை அம்மா வறுத்தாள், நான் அரைத்தேன். சம்பந்தியம்மாளுக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லாம் பொதுவாக இருக்க வேண்டும், மாமாவுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் கண்ணை உறுத்தும் என்று அப்பா உத்தரவு. அதனால் எல்லோருக்கும் எல்லாமும் அருவித் தண்ணீரில்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டார்கள். தண்ணீரில் என்ன வாசனை என்று சம்பந்தியம்மாள் கேட்டாள். அப்பா கொஞ்சமும் அசராமல், எங்கள் வீட்டில் தலை தீபாவளி என்றால் அருவித் தண்ணீர்தான், பாட்டன் காலத்துப் பழக்கம் என்று ஒரு போடு போட்டார். அந்த அம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு மரியாதையா என்று என் தங்கையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனேன்.

தீபாவளியன்று மழை விட்டுவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் தின்று, புதுசு உடுத்தி எல்லோரும் முன்கட்டில் உட்கார்ந்தபோது வெயில் சுள்ளென்று வந்து, ஈரமெல்லாம் ஆவியாகி, உடம்பு கசகசவென்று புழுங்கியது. சர்பத்தும் கலரும் அடுத்தடுத்துக் காலியாயின. அம்மா மட்டும் அடுக்களை நிலையில் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா வந்தார். வண்டியைக் கோயில் பக்கம் அவிழ்த்துப் போட்டுவிட்டு, அங்கிருந்து வேட்டி சேலைத் தட்டைக் கையில் ஏந்தி நடந்தே வந்தார். புதுச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நானும் அப்பாவும் வாசலுக்குப் போய் வாங்க வாங்க என்றோம். மாமா தட்டை என்னிடம் கொடுத்தார். கால் கழுவினார். கழுவிவிட்டு உள்ளே வராமல் நடையிலேயே நின்றார்.

வெளியூரிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தால், கால் கழுவினதும் முதலில் கையில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதைக் குடித்துவிட்டுத்தான் உட்காருவார்கள், அதற்குப் பிறகுதான் காப்பியோ கலரோ. இது எந்த வீட்டிலும் உள்ளது, யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மாமாவுக்கு அந்தச் செம்பை நீட்டக் கூடாது என்று நாங்கள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். அருவித் தண்ணீர்தான் என்றாலும், செம்பைப் பார்த்ததும் பழைய பேச்சு ஞாபகம் வந்து முகம் மாறிவிடுமே என்று. ஆகவே நான் கொடுக்கவில்லை. அவர் நிற்கிறதைப் பார்த்து, உள்ளே வர யோசிக்கிறார்போல என்று நினைத்தோம். அப்பா ஒரு சோடாப் பாட்டிலை எடுத்துக் கட்டைவிரலால் கோலியை அமுக்கி உடைத்து நீட்டினார். கடைச் சோடா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்.

மாமா பாட்டிலை வாங்கினார். உள்ளே வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையிடம் வேலை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பாட்டில் அவர் கையிலேயே இருந்தது. நுரை அடங்கிப் போயிற்று. நான் சர்பத் கொண்டு போனேன். பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஐந்து நிமிஷம் பொறுத்துக் காப்பி கொண்டு போனேன். அதையும் வைக்கச் சொன்னார். ஒரு மனுஷருக்கு முன்னால் இத்தனை பாத்திரம் வரிசையாக நிற்கிறதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா நிலைப்படியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் மாமா காப்பி டம்ளரை எடுத்தார். ஆற்றினார். உதட்டுக்குக் கொண்டு போனார். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாள், காப்பி எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள், வண்டி கட்டி அருவித் தண்ணீர் கொண்டு வந்து போட்டதாக்கும் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் மேல் குற்றம் இல்லை. மாமா டம்ளரைக் கீழே இறக்கினார். அருவித் தண்ணியா என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி முன்னால் வந்தார்.

"ஆமா மாப்பிள. இந்த வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு கெடையாது. பால்கூட எதுத்த வீட்டுப் பால்தான். நீ சொன்ன வார்த்தைக்கு எங்களால ஒரு கொறையும் வராது. தைரியமாக் குடி."

அதில் எவ்வளவு பிரியம் இருந்தது என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு எழுந்தார். போச்சு, வாசலுக்குத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் அடுக்களைப் பக்கம் திரும்பினார். நேராக அம்மா முன்னால் வந்து நின்றார். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் அவ்வளவு கிட்டத்தில் நின்றது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"யக்கா, வீட்டுத் தண்ணி ஒரு செம்பு இருக்கா?"

அம்மா திரும்பிப் பானைகளைப் பார்த்தாள். ஒரு பானையைத் தொட்டாள், கையை எடுத்துக்கொண்டாள். நான் நிரப்பின பானை அது. இன்னொன்றைப் பார்த்தாள். அடுக்களையில் அத்தனை பாத்திரத்திலும் விளிம்பு வரை தண்ணீர், ஆனால் கேட்ட தண்ணீர் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிற வீட்டில், தம்பி கேட்ட ஒரு செம்புத் தண்ணீருக்கு அவள் கையை விரிக்க வேண்டியதாயிற்று. அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அம்மா பின்வாசல் வழியாகக் கிணற்றடிக்குப் போனாள். தோளில் வலி வந்ததிலிருந்து அவள் கயிறு பிடிப்பதே இல்லை. நான் இறைத்துத் தருகிறேன் என்று பின்னால் ஓடினேன். 'அங்கிட்டுப் போட்டி' என்று என்னை விலக்கினாள். வாளியை உள்ளே விட்டாள். ஐப்பசி மாசம், தண்ணீர் ஏறித்தான் கிடந்தது. இருந்தாலும் பாதியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மாமா அவளுக்குப் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார். அவள் விடவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தார்கள்.

அப்பா பின்வாசலில் வந்து நின்றார். அவர் பக்கத்தில் சித்தி. நான் ஒரு செம்பை எடுத்து அதில் இருந்ததைக் கீழே கொட்டப் போனேன். மாமா வேண்டாம் என்று தலையசைத்தார்.

வாளி கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே, அம்மாவிடம் மட்டும் பேசுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"கோவத்துல ஒரு வார்த்தை சொன்னேன் யக்கா. மறுநாளே வந்திரணும்னுதான் இருந்தேன். அன்னைக்கிலேர்ந்து எல்லாரும் அந்த வார்த்தைய மதிச்சிட்டீங்க. கல்யாணத்துல தொண்டை காஞ்சு நின்னேன், தட்ட அங்கன கொண்டு போய்ட்டாங்க. இன்னைக்கு நடையில நின்னேன், சோடாவத் தந்தாவ. குடிலேன்னு ஒருத்தர்கூடச் சொல்லலியே."

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பின்வாசலில் அப்பா தொண்டையைக் கனைத்தார். மாமா குனிந்து இரண்டு கையையும் குவித்து முன்னால் நீட்டினார்.

அம்மா வாளியைச் சாய்த்துப் பிடித்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை.

"குடிலே" என்றாள்.